திருகோணமலையில மாசாமாசம் கைவேலையும் சமையலும்: கூட்டாளிமாரோட ஒரு பின்னேரத்தை நிண்டுபோகாம நடத்திறது எப்பிடி

முதல்லயே சொல்லிடுறன், இது விருந்து இல்லை. விருந்தெண்டா வீட்டுக்காரி விடியக்காலமையே எழும்பி, கூட்டிக் கழுவி, நாலு கறி வச்சு, அலுமாரிக்குள்ள கிடக்கிற நல்ல பீங்கானை எடுத்துத் துடைச்சு, வந்த ஆக்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்டுட்டுப் போக, பிறகு ராவில தனிய நிண்டு சட்டி கழுவுறது. வருசத்தில ஒருக்கா ரெண்டு தரம் செய்யலாம், மாசாமாசம் ஆராலயும் ஏலாது. நான் சொல்லப்போறது வேற விசயம். ஆறேழு பேர் ஒரு வீட்டில கூடி, முதல்ல கையால ஏதாவது ஒண்டைச் செய்யிறது, தையலோ பின்னலோ ஓலையோ என்னவெண்டாலும், பிறகு எல்லாருமாச் சேந்து ஒரேயொரு சாப்பாட்டைச் சமைச்சு அங்கயே இருந்து சாப்பிட்டுட்டு வீட்ட போறது. வாற எல்லாருக்கும் வேலை இருக்கும். ஒரு ஆள் வேலை இல்லாம கதிரையில இருந்து போன் பாத்துக்கொண்டிருந்தா அண்டைக்கு அது விருந்தாப் போச்சு எண்டு விளங்கிக்கொள்ளுங்க.

கீழ எழுதியிருக்கிறது எல்லாமே அந்த விருந்து ஆகாமப் பாத்துக்கொள்ளுற வேலைதான்.

ஆரைக் கூப்பிடுறது, எப்பிடிக் கூப்பிடுறது

ஆறு பேர் நல்லம், எட்டுக்கு மேல வேணாம். இதுக்குப் பெரிய தத்துவம் ஒண்டும் இல்லை, எங்கட வீடுகளில காஸ் அடுப்புக்கு ரெண்டு பேர்ணர், திருவலை ஒண்டு, விறாந்தையில பாய் விரிச்சா வட்டமா இருக்கக்கூடியது எட்டுப்பேர். பத்துப் பேர் வந்தா தானாவே ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு குசினிக்குள்ள ஒரு கதை விறாந்தையில ஒரு கதை ஓடும், கைவேலை அப்பிடியே கிடக்கும்.

ஆக்களைச் சேக்கேக்க தையல் தெரிஞ்ச ஒரு ஆள், அடுப்படியில கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யக்கூடிய ஒரு ஆள், ஒண்டுமே தெரியாத ரெண்டு பேர் எண்டு பாத்துச் சேருங்க. ஒண்டும் தெரியாத ஆக்கள் முக்கியம், அவங்கதான் "ஏன் அக்கா இதுக்கு சுடுதண்ணி, பச்சத்தண்ணி விட்டா என்ன" எண்டு கேப்பாங்க, அந்தக் கேள்வியாலதான் மற்ற எல்லாருக்கும் விசயம் தெரியவரும். ஒரே கந்தோரில வேலை செய்யிற ஆக்களை மட்டும் சேத்தா கடைசி வரைக்கும் கந்தோர்க் கதைதான். உவர்மலையில ரெண்டு பேர், பாலையூற்றில ஒரு ஆள், அன்புவழிபுரத்தில ஒரு ஆள், கிண்ணியாவில ஒரு ஆள் எண்டு வந்தா சமையலே ஊருக்கு ஊர் மாறி வரும். கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தாப் பிறகு அந்தப் பக்கத்து ஆக்களுக்கு வந்து போறது லேசு, முந்தி எண்டா பாதைக்கு, அதுதான் ஆக்களை ஏத்தி இறக்கிற ஃபெரிக்கு, காத்து நிக்கோணும், பின்னேரம் ஒண்டு தொடங்குது எண்டா வரவே மாட்டாங்க.

கூப்பிடேக்க குரூப்பில "எல்லாரும் வாங்க" எண்டு போடாதீங்க, அதுக்கு எல்லாரும் கைகூப்பின படம் ஒண்டைப் போட்டுட்டு வராம இருப்பாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா கோல் எடுத்துச் சொல்லுங்க. அப்ப கட்டாயம் இந்தக் கேள்வி வரும்.

"அக்கா, வரேக்க என்ன கொண்டு வாறது?"

எங்கட வாய்க்குப் பழகின பதில், "ஒண்டும் வேணாம் பிள்ளை, நீ வந்தாலே காணும்." அதைச் சொல்லிடாதீங்க. அப்பிடிச் சொன்னா அந்தப் பிள்ளை வெறுங்கையோட வர வெக்கப்பட்டு பேக்கரியில கேக் ஒண்டு வாங்கிக்கொண்டு வரும், அடுத்த மாசம் மற்ற ஆள் அதைவிடப் பெரிய கேக்கா வாங்கும், பிறகு ஒரு மாசம் கையில காசு இல்லாத ஆள் வராம விடும். சரியான பதில், "ரெண்டு தேங்காய் கொண்டா, உரிச்சுக் கொண்டா." வேலையும் சாமானும் பேர் சொல்லிப் பிரிச்சுக் குடுத்தா ஆக்களுக்கு வாறது லேசாப் போகும்.

ஆம்பிளையளும் வரலாமோ எண்டு கேக்கிறாங்க. தாராளமா வரட்டும், தேங்காய் திருவ ஆள் வேணும்தானே.

நாள்

"எல்லாருக்கும் வசதியான நாள்" எண்டு ஒண்டு கிடையாது, அதைத் தேடினா தொடங்கவே மாட்டீங்க. ஒரு நாளைப் பிடிச்சு அதையே வச்சிருங்க, வரக்கூடிய ஆக்கள் வரட்டும். நான் சொல்லுறது போயா, மாசாமாசம் வாற பூரணை லீவு. கலண்டரில சிவப்பில கிடக்கு, ஒருத்தரும் மறக்க மாட்டாங்க, ரீச்சர்மாருக்கும் கந்தோர் ஆக்களுக்கும் லீவு, இறைச்சிக் கடை பூட்டு எண்டதால மரக்கறிச் சமையலா தானாவே முடிவாகிடும், ஒருத்தரோடயும் வாதாடத் தேவையில்லை. திரும்பிப் போகேக்க ரோட்டில நிலவும் இருக்கும். பிரைவேற்றில வேலை செய்யிற ஆக்கள், கடை வச்சிருக்கிற ஆக்கள் கனபேர் இருந்தா மட்டும் மாசத்தில ரெண்டாவது சனி எண்டு வச்சுக்கொள்ளுங்க. வெசாக், பொசன் போயாவை விட்டிருங்க, ரோட்டில சனம், பந்தல், சும்மா சாப்பாடு குடுக்கிற தன்சல் எண்டு ஓட்டோ பிடிக்கவே ஏலாது.

முஸ்லிம் கூட்டாளிமார் இருந்தா ரமழான் மாசம் ஒரு மாசம் இடைவெளி விடுறது நல்லம். நோன்பு திறந்து, தொழுது, தராவீஹ்வுக்குப் போற ஆக்களை இழுத்து வச்சு ஓலை பின்னச் சொல்ல ஏலுமோ?

கிழமைக்குக் கிழமை வைக்கலாமோ எண்டு தொடக்கத்தில ஒரு உற்சாகத்தில எல்லாரும் கேப்பாங்க. வேணாம். மாசத்துக்கு ஒண்டு.

நேரம், இதில ஒரு ஒழுங்கு இருக்கு

கைவேலை முதல், சமையல் பிறகு. இதை மாத்தி வைக்காதீங்க. நாலு மணிக்குத் தொடங்கினா அஞ்சரை, ஆறு மட்டும் நல்ல வெளிச்சம் கிடக்கும், ஊசிக்கு நூல் கோக்கிறதுக்கு ரியூப் லைற்றை விட விறாந்தை வெளிச்சம் எவ்வளவோ மேல். அதோட மஞ்சளும் எண்ணெயும் பட்ட கையால துணியைத் தொட்டா அந்தத் துணி அவ்வளவுதான். விளக்கு வச்சாப் பிறகு ஊசி எடுக்கக்கூடாது எண்டு அம்மம்மாமார் சொல்லுவாங்க, அதை நம்புற ஆள் குரூப்பில இருந்தாலும் இந்த ஒழுங்கில பிரச்சினை வராது.

இங்க பொழுது வருசம் முழுக்க அஞ்சே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையிலதான் மறையுது. அந்த நேரத்தை வெறுமனே விடுங்க. விளக்கு வைக்கிற ஆள் விளக்கு வைக்கட்டும், மஃரிப் தொழுற ஆளுக்கு ஒரு அறையும் சுத்தமான விரிப்பும் குடுங்க, மற்ற ஆக்கள் தேத்தண்ணி குடிக்கட்டும். ஒரு ஆறே முக்காலுக்கு அடுப்பு மூட்டினா எட்டுக்குச் சாப்பிடலாம், எட்டே முக்காலுக்கு எல்லாம் கழுவிக் கவிட்டு வச்சிட்டு ஒம்பதுக்கு முதல் எல்லாரும் வீட்ட. தூரத்தில இருந்து வாற ஆளுக்கு பஸ்ஸை நம்பிச் சொல்லாதீங்க, தெரிஞ்ச ஓட்டோ அண்ணாவுக்கு முதல் நாளே சொல்லி வையுங்க, இல்லாட்டி பைக் வச்சிருக்கிற ஆளோட சோடி சேத்து விடுங்க. பிள்ளையள் ராவில எப்பிடி வரும் எண்டு வீட்டில கேக்கிறதுக்கு இதுதான் பதில், அந்தப் பதில் சரியா இருந்தாத்தான் அடுத்த மாசமும் விடுவாங்க.

வீடும் சாமானும்

ஒரே வீட்டில வைக்காதீங்க, வீடு மாறி மாறிப் போகட்டும். ஆனா குசினி மிச்சம் சின்னன், மாமியார் ஏசுவா, வாடகை வீட்டுக்காரர் ஒரு மாதிரி எண்டு வீட்டில வைக்க ஏலாத ஆக்கள் இருப்பாங்க, அவங்களை வற்புறுத்தாதீங்க, அவங்கட முறைக்கு கழுவுற வேலையைப் பொறுப்பெடுக்கட்டும்.

வீட்டுக்காரி செய்ய வேண்டியது மூண்டே மூண்டு. விறாந்தையைக் கூட்டிப் பாய் விரிக்கிறது, குடிதண்ணி நிரப்பி வைக்கிறது, காஸ் கிடக்கோ எண்டு பாக்கிறது. காஸ் பாக்கிறதுக்கு லேசான வழி ஒண்டு: சிலிண்டரின்ர ஒரு பக்கத்தில மேல இருந்து கீழ சுடுதண்ணி ஒரு கப் ஊத்திப்போட்டு கையால தடவிப் பாருங்க, காஸ் இருக்கிற மட்டத்துக்குக் கீழ குளிராக் கிடக்கும், மேல சூடாக் கிடக்கும். 12.5 கிலோ சிலிண்டரில அடிமட்டத்தில மட்டும்தான் குளிருது எண்டா அண்டைக்கு ஆவியில அவிக்கிற சாமானைத் தொடாதீங்க, பாதியில நிண்டிடும். முத்தத்தில மூண்டு கல்லு வச்சு தென்னமட்டையும் சிரட்டையும் போட்டு எரிக்கவும் ஏலும், 2022ல எல்லாரும் அப்பிடித்தானே சமைச்சோம், ஆனா காஞ்ச கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில வெளி அடுப்பு வேணாம், நெருப்பு சட்டிக்குக் கீழ நிக்காது, பக்கத்து வேலியைத்தான் பாக்கும்.

ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை. நூல், பேப்பர், காஞ்ச ஓலை எதுவும் ஃபேனுக்குக் கீழ நிக்காது, ஆனா ஃபேனை நிப்பாட்டினா நுளம்பு தூக்கிக்கொண்டு போயிடும். நுளம்புத்திரியை நாலு மணிக்கே கொளுத்தி வையுங்க, ஃபேனை மெல்லமா வையுங்க.

காசு

எல்லாரும் ஒரே தொகை, வந்த உடன ஒரு பேணிக்குள்ள. ஒரு ஆள் கொப்பியில எழுதட்டும். மிஞ்சினது அடுத்த மாசத்துக்கு. இதுக்குள்ள சீட்டைக் கொண்டுவராதீங்க, "எல்லாரும் எப்பிடியும் கூடுறம்தானே, ஒரு சீட்டும் பிடிப்பமே" எண்டு ஒரு ஆள் கட்டாயம் தொடங்கும், அதுக்குச் சம்மதிச்சா பிறகு காசு கட்ட ஏலாத மாசம் அந்த ஆள் கொழுக்கட்டைக்கும் வராது.

முதல் பின்னேரம்: துணியும் கொழுக்கட்டையும்

முதல் தரம் எல்லாரும் முடிச்சுக் கையில எடுத்துக்கொண்டு போகக்கூடிய வேலையா இருக்கோணும். அதுக்கு சூட்டுச் சட்டி இறக்கிற துணிதான் நல்லம். செய்து முடிச்ச உடன அந்தத் துணியாலயே அண்டைக்குப் பானையை இறக்கலாம்.

பழைய சாரம், கிழிஞ்ச சாரி, பழைய துவாய் எண்டு வீட்டில கிடக்கிறதைக் கொண்டுவரச் சொல்லுங்க. பருத்தித் துணி மட்டும், நைலோன் சாரி வேணாம், சூட்டில உருகிக் கையில ஒட்டும். ஒரு சாண் சதுரமா ரெண்டு துண்டு வெளிப்பக்கத்துக்கு, அதே அளவில துவாய்த் துண்டு ரெண்டு உள்ளுக்கு. நாலையும் அடுக்கி நாலு மூலையிலயும் குண்டூசி குத்தி, நடுவில இருந்து தொடங்கி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வெளிய வாங்க. கனபேர் ஓரத்தில இருந்துதான் தொடங்குவாங்க, அப்பிடிச் செய்தா நடுவில துணி பொக்குளிச்சுக்கொண்டு நிக்கும். தையல் வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி காணும். கடைசியா சாரிக் கரையை வெட்டி எடுத்து ஓரத்தைச் சுத்தி மடிச்சுத் தைச்சா வடிவாவும் இருக்கும் பிரியாது. ஒரு மூலையில கொழுவிறதுக்கு வளையம் வையுங்க. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள புதுசாத் தைக்கிற ஆளும் முடிச்சிடும், தையல் கோணலா இருக்கும், இருக்கட்டும்.

பிறகு கொழுக்கட்டை. ஏன் கொழுக்கட்டை எண்டா அதுவும் ஒரு கைவேலைதான், எட்டுப்பேருக்கும் ஒரே நேரத்தில வேலை குடுக்கக்கூடிய சமையல் அதைப்போல வேற குறைவு. ஒரு நாப்பது கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசிமா அரைக் கிலோ, பயறு கால் கிலோ, தேங்காய் ஒண்டு, சர்க்கரை (சீனி இல்லை, கட்டிச் சர்க்கரை) கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, ஏலக்காய் அஞ்சாறு, உப்பு. பயத்தை வறுத்துக் கோது நீக்கி வச்சிருந்தா நல்லம், அதை வீட்டில இருந்து ஒரு ஆள் செய்துகொண்டு வரட்டும்.

பயத்தை அவிக்கேக்க குழைய விடாதீங்க. ஒரு பயத்தை எடுத்து விரலுக்குள்ள வச்சு அமத்தினா நசியோணும், ஆனா பானைக்குள்ள பாத்தா முழுசா இருக்கோணும், அந்தப் பதத்தில தண்ணியை ஒட்ட வடிச்சுப்போட்டு ஆறவிடுங்க. சர்க்கரையைச் சீவி, தேங்காய்ப்பூவோடயும் ஏலக்காய்ப் பொடியோடயும் கலந்து கடைசியாப் பயத்தைச் சேருங்க. சர்க்கரையைத் தண்ணி விட்டுக் காச்சி ஊத்துற ஆக்கள் இருக்கிறாங்க, உள்ளுக்கு வைக்கிற உள்ளுடன் இளகி அவியேக்க வெடிச்சு வெளிய வரும், எனக்கு அதில விருப்பம் இல்லை.

மாவுக்குத் தண்ணி கொதிச்சுக்கொண்டிருக்கோணும். கொதிச்சு இறக்கி ஆறினது இல்லை, கொதிக்கிறது. உப்பும் மாவும் கலந்த சட்டிக்குள்ள கொஞ்சங் கொஞ்சமா விட்டு அகப்பைக் காம்பால கிண்டி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த உடன குழையுங்க. ஒரு உருண்டையை எடுத்துத் தட்டிப் பாக்கேக்க ஓரம் வெடிச்சா சூடு காணாமப் போச்சு இல்லாட்டி தண்ணி காணாது, இன்னும் கொஞ்சம் கொதிதண்ணி தெளிச்சுக் குழையுங்க. ஈரத்துணியால மூடி வைக்காட்டி பத்து நிமிசத்தில தோல் காஞ்சிடும்.

இனி எல்லாரும் வட்டமா இருங்க. தேசிக்காய் அளவு உருண்டை, கையில கொஞ்சம் எண்ணெய் பூசி, பெருவிரலால நடுவில குழி விழுத்தி, சுத்திச் சுத்தி அமத்தி சின்னக் கிண்ணமாக்கி, ஒரு கரண்டி உள்ளுடன் வச்சு, பிறைபோல மடிச்சு ஓரத்தை நுள்ளிக்கொண்டு போறது. அந்த நுள்ளுறதில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கை, அவிச்சு எடுத்தாப் பிறகு பாத்தாலே இது ஆற்ற கொழுக்கட்டை எண்டு தெரியும், அதை வச்சு நடக்கிற பகிடிக்கு அளவே இல்லை. பல்லுக்கொழுக்கட்டை செய்து பழகின அம்மம்மா ஆரும் வீட்டில இருந்தா கூப்பிட்டு நடுவில இருத்துங்க. பானையில தண்ணி கொதிச்சாப் பிறகு தட்டை வச்சு மூடி பத்து, பதினைஞ்சு நிமிசம், மேல பளபளப்பு வந்தா இறக்கலாம், சாயந்தரம் தைச்ச துணியால.

ஓலைப் பின்னேரங்கள்

முதல் மாசம் சரியாப் போச்சு எண்டா ஓலைக்கு வாங்க. என்ர கணக்கில திருகோணமலை ஆக்கள் இதைச் செய்யாமப் போறது பாவம், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போனா பனை நிக்குது, பின்னத் தெரிஞ்ச வயசான ஆக்களும் இருக்கிறாங்க, எங்கட வயசு ஆக்களுக்குத்தான் ஒண்டும் தெரியாது. நோக்கம் என்னெண்டா கடைசியில எங்கட கையால பின்னின நீத்துப்பெட்டியில எங்கட புட்டை அவிக்கிறது. ஒரே பின்னேரத்தில வராது, மூண்டு மாசம் ஒதுக்குங்க.

சொல்லித்தாற ஆளைத் தேடுறதுதான் முதல் வேலை. பெட்டி பின்னி விக்கிற ஒரு ஆச்சி கிடைச்சா போய் நேர கேளுங்க, போனில கேக்காதீங்க. அவவுக்கு அது பொழைப்பு, அதால சும்மா வந்து சொல்லித்தாங்க எண்டு கேக்கிறது அழகில்லை, அண்டைக்கு அவ எத்தினை பெட்டி பின்னி வித்திருப்பாவோ அந்தக் காசைப் பேணியில இருந்து குடுங்க, ஓட்டோவில கூட்டிக்கொண்டு வந்து ஓட்டோவில கொண்டுபோய் விடுங்க, சாப்பாட்டில முதல் கோப்பை அவவுக்கு.

ஓலை எண்டா முத்தின பச்சை ஓலை இல்லை, குருத்துப் பக்கத்துச் சார்வோலை. வெட்டி, ஈர்க்கை எடுத்து, காயவிட்டு, சுருட்டி வச்சிருப்பாங்க, அப்பிடியே வாங்கலாம். பின்னுறதுக்கு முதல் தண்ணி தெளிச்சு ஈரச்சாக்கில சுத்தி வைக்கோணும், இல்லாட்டி மடிக்கிற இடத்தில முறியும். கச்சான் நேரத்தில இன்னும் கூட ஈரம் வேணும். வாடைக்கு, கார்த்திகை மார்கழியில, ஓலை வாங்கி வைக்காதீங்க, ரெண்டு கிழமையில பூஞ்சணம் பிடிச்சுக் கறுத்துப் போகும்.

முதல் மாசம் தட்டையா ஒண்டு பின்னுங்க, தேத்தண்ணிக் கப் வைக்கிறதுக்கு. ஒரு விரல் அகலத்தில, முழங்கை நீளத்தில பதினாறு சார், அதுதான் கிழிச்ச ஓலைத் துண்டு. எட்டை நெடுக்கா அடுக்கி ஒரு தலைப்பில கனமான புத்தகம் ஒண்டை வச்சிட்டு, மற்ற எட்டைக் குறுக்க ஒண்டு மேல ஒண்டு கீழ எண்டு விட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் நெருக்கித் தள்ளுங்க. முடிச்சாப் பிறகு மேல நிக்கிற தலைப்பைக் கடைசிக் குறுக்குச் சாருக்கு மேலால மடிச்சுப் பின்னலுக்குள்ள சொருகிப்போட்டு மிச்சத்தை வெட்டுங்க. அவ்வளவுதான். ஈரம் காஞ்சா ஓலை கொஞ்சம் சுருங்கும், அடுத்த நாள் காலையில பாக்கேக்க இடைவெளி தெரியும், அப்ப திரும்ப ஒருக்கா நெருக்கிவிடலாம்.

ரெண்டாவது மாசம் சின்னப் பெட்டி. மூண்டாவது மாசம்தான் நீத்துப்பெட்டி. அந்தக் கூம்பு வாறதுக்கு மூலை மடிக்கிறதை எழுத்தால சொல்ல வராது, ஆச்சியின்ர கையைப் பாத்துத்தான் பிடிக்கோணும், போனில வீடியோ எடுக்கிறதெண்டா அவவிட்டக் கேட்டுட்டு எடுங்க. ஒண்டே ஒண்டு: சாயம் போட்ட ஓலையை நீத்துப்பெட்டிக்குப் பாவிக்காதீங்க, ஆவி பட்டா சாயம் மாவில இறங்கும். புதுப்பெட்டியைக் கழுவி வெறும் பெட்டியா ஒருக்கா ஆவியில வச்சு எடுத்தா பச்சை ஓலை மணம் குறையும்.

புட்டுக்கு எட்டுப்பேருக்கு வறுத்த சிவப்பரிசி மா ஒரு கிலோ, தேங்காய் ரெண்டு. உப்புப் போட்ட சுடுதண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு அகப்பைக் காம்பால கிண்டி, உதிரியாவும் இல்லாம களியாவும் இல்லாம வந்த உடன ரின்பால் பேணியின்ர வாயால கொத்துங்க. டக் டக் எண்டு அந்தச் சத்தம் கேட்டா அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரியும் இண்டைக்குப் புட்டு எண்டு. ஒரு ஆள் கொத்த ஒரு ஆள் அரிதட்டில அரிக்க, பெரிய கட்டியைத் திரும்பக் கொத்துறது. தேங்காய்ப்பூவைக் கலந்து பெட்டியில அமத்தாம போட்டு, பானை வாயில வச்சு, பெட்டிக்கும் பானைக்கும் நடுவில ஆவி போற இடத்தைத் துணியால சுத்தி அடையுங்க. மேலால ஆவி வந்தாப் பிறகு இன்னும் அஞ்சு நிமிசம். சொதியும் கட்டைச்சம்பலும் பக்கத்து அடுப்பில. போயா இல்லாத நாள் எண்டா கடற்கரையில வாங்கின மீனில ஒரு தீயல், ஆனா கறி ஒண்டுக்கு மேல வைக்காதீங்க, நாலு கறி வந்தா விருந்து வந்திடும்.

பிறகு என்னென்ன செய்யலாம்

ஆடிப்பிறப்புக்கு ஜூலை நடுவில ஆடிக்கூழ், அதைப்பற்றி ஒருத்தருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. சித்திரைக்கு முதல் முறுக்கு, ஒரு ஆள் உரல் பிழிய ஒரு ஆள் எண்ணெய்க்குப் பக்கத்தில, பிள்ளையள் அந்தப் பக்கமே வரக்கூடாது. சனிக்கிழமையில கூடுற குரூப் எண்டா ரோல்ஸ் நல்ல வேலை: கோதுமை மா அரைக் கிலோவும் முட்டை ரெண்டும் தண்ணியாக் கரைச்சு ஊத்தினா இருபது இருபத்தஞ்சு ரொட்டி வரும், உள்ளுக்கு உருளைக்கிழங்கு முக்கால் கிலோவும் ரின்மீன் ஒரு பேணியும், வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு, தேசிக்காய். ஒரு ஆள் ஊத்த, ஒரு ஆள் சுருட்ட, ஒரு ஆள் முட்டையில தோய்க்க, ஒரு ஆள் ரஸ்க் தூளில பிரட்ட, வரிசையா இருந்தா முக்கால் மணித்தியாலத்தில முடியும்.

கிண்ணியாக் கூட்டாளி வந்தா வட்டிலப்பத்தைக் கேட்டு வாங்குங்க. பத்து முட்டை, சர்க்கரை அரைக் கிலோ, கட்டித் தேங்காய்ப்பால் ரெண்டு கப், ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய். முட்டையை நுரை வர அடிக்காம மெல்லமாக் கலக்கி, வடிச்சு, மூடி, மெல்லின நெருப்பில முக்கால் மணித்தியாலம் ஆவியில. மூடியில இருந்து தண்ணி சொட்டாம பேப்பர் கட்டுங்க. முட்டை சாப்பிடாத ஆளுக்கு அண்டைக்கு வேற ஒண்டு இருக்கோணும், அதேபோல முஸ்லிம் கூட்டாளி வாற வீட்டில எந்தச் சட்டியில என்ன சமைச்சது எண்டு அவங்க கேக்க முதலே சொல்லிடுங்க, இறைச்சி எண்டா ஹலால் கடையில வாங்குங்க. பெரிய விசயமாக் கதைக்கத் தேவையில்லை, சாமான் லிஸ்ட் சொல்லேக்க அதையும் சொல்லிட்டா முடிஞ்சுது.

கைவேலைக்கு குரோசே, குருத்தோலைத் தோரணம், பேப்பர்க் கூடு, பழைய சாரியில கால்மிதி, பன் புல்லுப் பாய் பின்னத் தெரிஞ்ச ஆள் இருந்தா அது. கடல் பக்கத்து ஊர் எண்டதால சிப்பி, பவளத் துண்டு வச்சு ஏதாவது ஒட்டுவம் எண்டு ஒரு ஆள் சொல்லும். பவளப்பாறைத் துண்டைத் தொடாதீங்க. நிலாவெளிக்கு முன்னால கடலில கிடக்கிற புறாமலைத் தீவு 2003ல இருந்து தேசியப் பூங்கா, அங்க இருந்து ஒரு சின்னச் சிப்பியைக்கூட எடுத்துக்கொண்டு வரக்கூடாது.

கழுவுறதும் குப்பையும்

சாப்பிட்ட உடன ஒருத்தரும் கதிரைக்குப் போகாதீங்க, போனா எழும்ப மாட்டீங்க. கோப்பை அவரவர், பெரிய சட்டி அண்டைக்கு முறை வந்த ரெண்டு பேர். பொரிச்ச எண்ணெயை சிங்குக்குள்ள ஊத்தாம ஆறவிட்டு போத்தலில அடையுங்க.

சாப்பாட்டுக் குப்பையை பொலித்தீன் பையில கட்டி ராவில கேற்றுக்கு வெளிய வைக்காதீங்க. எங்கட ஊர் ரோட்டில திரியிற மானுக்கு அது நல்லாத் தெரியும், பையோட சேத்துத்தான் முழுங்கும். தேங்காய்த் துருவலின்ர மிச்சம், மரக்கறித் தோல் எல்லாத்தையும் வளவுக்குள்ள தாட்டுவிடுங்க. மிஞ்சின ஓலையையும் விறாந்தையில வைக்காம உள்ளுக்கு எடுங்க, ஆடும் மாடும் விடாது.

ஆக்கள் குறையேக்க

குறையும். பரீட்சை வரும், கலியாணம் வரும், ஒரு ஆள் கனடாவுக்குப் போகும். நாலு பேர் வந்தாலும் நடத்துங்க, மூண்டு பேர் எண்டாலும் நடத்துங்க, சமையலை மட்டும் சின்னனாக்குங்க. "எல்லாரும் வாற மாசம் வைப்பம்" எண்டு ஒருக்கா தள்ளி வச்சா அதுக்குப் பிறகு அது எழும்பாது. வராத ஆளை குரூப்பில வச்சு ஏன் வரல்ல எண்டு கேக்காதீங்க, அடுத்த முறை அவவுக்கு ஒரு சாமானைக் குறிச்சுச் சொல்லி கோல் எடுங்க.

புது ஆள் சேக்கிறதெண்டா ஒரு நேரத்தில ஒரு ஆள்.

முதல் தரத்துக்கு கோல் எடுத்து முடிஞ்சாப் பிறகு குரூப்பில போடுறதுக்கு ஒரு மெசேஜ், உங்கட பேரையும் வீட்டையும் மாத்திப் போட்டுக்கொள்ளுங்க:

"போயா அண்டைக்குப் பின்னேரம் நாலு மணி, எங்கட வீட்ட. துணி தைக்கிறம், பிறகு கொழுக்கட்டை. பாலையூற்று அக்கா வறுத்த பயறு, சின்னவள் தேங்காய் உரிச்சது, கிண்ணியாத் தங்கச்சி சர்க்கரையும் ஏலக்காயும், அண்ணா ஊசி, நூல், கத்திரிக்கோல். பழைய சாரம், துவாய் எல்லாரும். காசு பேணிக்குள்ள. கேக் கொண்டு வாற ஆளுக்குச் சட்டி கழுவுற வேலை. ஒம்பதுக்கு முதல் எல்லாரும் வீட்ட, ஓட்டோ சொல்லியாச்சு. ஆராவது திருவலை ஒண்டு கொண்டு வாங்க, எங்கடது பல்லு தேஞ்சு போச்சு."